தலையணைக்கு எலும்பு கிடையாது

தலையணைக்குக் கட்டுப் போட்டு முடித்தபோது, அது ஒரு ஆளாக இருந்திருந்தால் இந்நேரம் மூச்சு நின்றிருக்கும் என்று லீமாறோசுக்கே தோன்றியது.

நடுவில் அவ்வளவு இறுக்கம். இரண்டு பக்கமும் பஞ்சு பிதுங்கி நின்றது. அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள். இந்தத் தடவை கட்டு தளர்ந்துபோய், தலையணை தன் பாட்டில் நழுவித் தரையில் விழுந்தது. விடிந்ததிலிருந்து உலக்கைக்கும் கட்டில் காலுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் கட்டுப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. வீட்டில் இருந்த பழைய வேட்டிகள் எல்லாம் கிழிந்து சுருளாகிவிட்டன. திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் லீமாறோஸ் நர்ஸ். ஒரு வார்டையே தனியாகப் பார்த்துக்கொண்டவள். அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார் யூஜின் சாரைக் கட்டிக்கொண்டு இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தாள். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், இப்போது நாகர்கோவிலில் போர்டிங்கில் இருந்து படிக்கிறார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது யூஜின் சாரும் ஒரு ஆடும்தான். இரண்டுக்கும் சுகக்கேடு என்று ஒன்றும் வருவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி வந்தது. முன்பு நர்ஸாக இருந்து, குடும்பமான பிறகு வேலையை விட்டவர்கள் யாராவது இருந்தால் திரும்ப வரலாம் என்று அங்குள்ள டாக்டரம்மா கோயிலில் அறிவிக்கச் சொல்லியிருந்தார். பூசை முடிந்து சாமியார் அதை வாசித்து முடிப்பதற்குள் லீமா எழுந்து நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போக அவசரம்போல என்று பக்கத்தில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். மறுநாளே போய் டாக்டரம்மாவைப் பார்த்து, "வாறேன்" என்று சொல்லிவிட்டும் வந்தாள். அன்றைக்கு ஊர் வந்து சேரும்வரை அவள் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அதற்கு அடுத்த வாரம் மரியஜான் வந்து சேர்ந்தான்.

மரியஜான் வள்ளம் தள்ளுகிறவன். தூண்டில் முள் பெருவிரலில் ஏறி நிற்க, நேராக லீமாவின் வீட்டுக்கு வந்தான்.

"லீமாக்கா, நீங்க நர்ஸுக்குப் போறியளாமே. இதைக் கொஞ்சம் எடுத்து விடுங்க."

லீமா விரலைப் பிடித்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கை நடுங்கத் தொடங்கியது. கையில் இருந்த துணிச் சுருள் கீழே விழுந்து, உருண்டு, வாசலைத் தாண்டிப் போய் ஆட்டின் வாயில் முடிந்தது. லீமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மரியஜான் முள்ளைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, அடுக்களைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"குடியுங்க அக்கா. ஒண்ணும் இல்ல. இப்ப சரியாப்போவும்."

நோயாளி நர்ஸைத் தேற்றிய இந்தக் கதை வெளியே போகவில்லை. மரியஜான் நல்லவன். ஆனால் லீமாவுக்கு அது போதும். உலக்கைக்குக் கட்டும்போது கை நடுங்கவில்லை, தலையணைக்கும் நடுங்கவில்லை. வலிக்கிற ஒரு உடம்பைத் தொட்டால் மட்டும் நடுங்குகிறது. உலக்கைகளுக்கென்று யாரும் ஆஸ்பத்திரி கட்டி வைக்கவில்லையே!

"எனக்கு இனி வராது," என்று அன்றைக்கே யூஜின் சாரிடம் சொல்லிவிட்டாள். "கை மறந்துபோச்சு. போய்ப் பேர் கெடுறதுக்கு, போவாமலே இருந்திரலாம்."

"அதெப்படிப் போவும்? கையில உள்ளதுதானே, கையிலதான் கெடக்கும்," என்றார் அவர். அவருக்கு எதையும் பதற்றமில்லாமல் சொல்லத்தான் வரும். அதைக் கேட்டுத்தான் அவள் மறுபடியும் கட்டிப் பழக ஆரம்பித்தாள்.

அந்தச் சனிக்கிழமை, தலையணை இரண்டாம் தடவை கீழே விழுந்து கிடந்தபோதுதான் யூஜின் சார் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சைக்கிளில் போனவர், வரும்போது அதை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன, தள்ளிட்டு வாறிய?"

"செயின் கழண்டுட்டு," என்றார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் லீமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"லீமா, தலையணைக்கு எலும்பு கிடையாது. அதுல கட்டிப் பழகி என்ன பிரயோசனம்? இன்னா, எனக்க கையில கட்டிப் பாரு."

லீமாவால் நம்ப முடியவில்லை. தலைவலிக்குப் பத்துப் போடக்கூட விடாத மனுசன்.

"நெசமாட்டா?"

"நெசமாட்டுத்தான். இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லல்லா. இடது முன்கை ஒடிஞ்சுபோச்சுன்னு வச்சுக்க. ஆஸ்பத்திரியில ஒரு ஆளு அப்படி வந்தா நீ என்ன செய்வியோ, அதைச் செய்யி. சட்டைக்கு மேலேயே கட்டு, எனக்குக் கூச்சமா இருக்கு."

லீமாவுக்கு உற்சாகம் பொங்கியது. சாரின் மேசையிலிருந்து இரண்டு மர அடிக்கோலை எடுத்து வந்தாள். முழங்கையை ஒரு கையால் தாங்கி, மணிக்கட்டை மறு கையால் பிடித்தாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பொய்தானே, எதற்கு நடுங்க?

"முதல்ல எலும்பை நேராக்கணும். பைய இழுப்பேன், கேட்டியளா?"

இழுத்தாள்.

யூஜின் சார் போட்ட சத்தத்தில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

லீமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவ்வளவு நடிக்கண்டாம். நாடகத்துல ராசா வேசம் கெட்டினவரு மாதிரி."

"நீ கட்டு, நீ கட்டு," என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. மனுசனுக்குள் இப்படி ஒரு நடிகன் இருந்தது லீமாவுக்கு இதுநாள் வரை தெரியாது. அடிக்கோல்களை இரண்டு பக்கமும் வைத்து, பஞ்சு திணித்து, துணியைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டபோது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்த படம் மாதிரியே வந்திருந்தது.

அவளுடைய சந்தோசம் அந்த முடிச்சோடு தீர்ந்தது. ஏனென்றால் வாசலில் கிளாரா நின்றுகொண்டிருந்தாள்.

கிளாரா யூஜின் சாரின் தங்கை. அடுத்த வீடு. அண்ணன் போட்ட சத்தம் கேட்டு ஓடி வந்தவள், கட்டைப் பார்த்தாள், அண்ணன் கண்ணில் இருந்த நீரைப் பார்த்தாள்.

"எனக்க அண்ணனுக்க கை போச்சே!"

"கிளாரா, பிள்ள, நில்லு. அது சும்மா..."

லீமா இதைச் சொல்லி முடிப்பதற்குள் கிளாரா தெருமுனையைத் தாண்டிவிட்டாள். இந்த ஊரில் தந்தி ஆபீஸ் இல்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. கிளாரா இருந்தாள். சற்று நேரத்தில் வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் பாதியில் போட்டுவிட்டு வந்தார்கள். மீன் விற்கப் போன பெண்கள் கடவப் பெட்டியோடு வந்தார்கள்.

லீமா எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினாள். "ஒண்ணும் இல்ல. நான் கட்டிப் பழகினேன். அவரு கைக்கு ஒண்ணும்..."

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்," என்றார் யூஜின் சார்.

லீமா திரும்பிப் பார்த்தாள்.

"பாலத்துக்கிட்ட மணல்ல சக்கரம் வழுக்கிட்டு," என்று அவர் சாவகாசமாகத் தொடர்ந்தார். "கையை ஊன்றினேன். மடக்குன்னு ஒரு சத்தம். நல்லவேளை, வீட்டுல நர்ஸ் இருந்ததால உடனே கட்டியாச்சு."

கூட்டம் முழுக்க "ச்ச்சோ" கொட்டியது. லீமா அவர் வாயையே பார்த்தாள். இத்தனை வருசமாகப் பொய்யே சொல்லத் தெரியாதவர் என்று நினைத்து ஒரு மனுசனோடு வாழ்ந்திருக்கிறாள்! எவ்வளவு சுத்தமாக வருகிறது! பாலம், மணல், மடக்குன்னு சத்தம்!

கூட்டம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சண்டைக்குப் போனாள்.

"எதுக்கு இப்பிடிப் பொய் சொன்னிய?"

"பின்ன? கட்டியிருக்கது நல்ல கையிலன்னு சொன்னா, ஊரு உன்னைப் பாத்துச் சிரிக்கும். கிளாராவையும் சேத்துச் சிரிக்கும். கொஞ்ச நாள் கெடக்கட்டு. உனக்கும் பழக்கமாச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுபோலத்தான் தெரிந்தது. லீமா பேசாமல் இருந்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

மத்தியானத்திலிருந்து வரத்து தொடங்கியது. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் யூஜின் சார். கடலுக்குப் போன பையன்களுக்காக அவர் எழுதிக்கொடுத்த மனுக்களுக்குக் கணக்கே இல்லை. அந்த நன்றியை எல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஊர் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்ததுபோல. ஏத்தன் வாழைக்குலை வந்தது. முட்டை வந்தது. கருப்பட்டி வந்தது. எலும்பு கூடுவதற்கு நல்லது என்று நெத்திலி மீன் கூடையோடு வந்தது. வந்தவர்கள் பாதி நேரம் கையைப் பற்றியும், மீதி நேரம் நம்முடைய தாலுகா திருக்கொச்சி மாநிலத்தோடு இருக்குமா, மதராசோடு போகுமா என்பதைப் பற்றியும் பேசினார்கள். எல்லாருக்கும் லீமா காப்பி போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு முட்டையையும் வாங்கி, கண்ணில் படாமல் அடுக்களை மூலையில் கொண்டுபோய் வைத்தாள். ஒடியாத கைக்கு வந்த முட்டை!

சாயங்காலம் கிளாரா தாணப்பன் ஆசானைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தாணப்பன் ஆசான் சுற்று வட்டாரத்தில் எலும்பு முறிவுக்குப் பேர் போன வைத்தியர். எண்ணெய்க் குப்பியும் மூங்கில் பத்தையுமாக வந்து முற்றத்தில் நின்றார். லீமா சாரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். ஆசான் கட்டை அவிழ்த்தால் உள்ளே நல்ல கை இருக்கும். அதற்கு அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

"அண்ணா, ஆசான் அவுத்துப் பாத்து நம்ம மருந்து வச்சுக் கட்டட்டும். துணியும் அடிக்கோலும் வச்சா கை கூடும்?" என்றாள் கிளாரா.

"வேண்டாம்," என்றார் யூஜின் சார். "எனக்க பொண்டாட்டி கட்டின கட்டு. அது அப்பிடியே கெடக்கட்டு."

ஆசானுக்கு முகம் சிவந்தது. "நானும் தொடப்போறதில்ல. இன்னொருத்தர் கட்டின கட்டை நான் அவுக்கது கிடையாது. எனக்க அப்பா காலத்துல இருந்து எங்களுக்க முறை அது. கட்டினவதான் அவுக்கணும். ஒரு மண்டலம் கழிச்சு அவுக்கட்டு. அதுக்கு முன்ன அவுத்தா நான் பொறுப்பில்ல."

சொல்லிவிட்டு, விசாரிக்க வந்த ஏத்தங்குலையில் ஒரு சீப்பை வைத்தியப் படியாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியெல்லாம் ஒரு மண்டலம் என்று சொல்லிக்கொண்டே போனார். இரண்டு நாளில் அவிழ்த்துவிடலாம் என்று லீமா வைத்திருந்த எண்ணத்தில் மண் விழுந்தது. இனி இந்த ஊரில் சாரின் கை ஒரு மண்டலத்துக்கு ஒடிந்தே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் யூஜின் சாரின் இடது கைக்காக எல்லாரையும் ஜெபிக்கச் சொன்னார். கோயில் முழுக்க முழங்காலில் நின்றது. லீமாவும் நின்றாள். என்ன ஜெபிப்பது என்று தெரியாமல், "ஆண்டவரே, மன்னியும், மன்னியும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கிளாரா அவள் காதில் சொன்னாள்.

"மைனி, கோட்டாற்றுச் சவேரியாருக்கு வெள்ளியில ஒரு கை செஞ்சு வைக்கதாட்டு நேந்திருக்கேன்."

லீமா அவள் கையைப் பிடித்தாள். "வெள்ளி எதுக்கு பிள்ள? ஒரு மெழுகுவத்தி கொளுத்தினா போதுமே."

"எனக்க அண்ணனுக்க கை என்ன மெழுகா?" என்று கிளாரா அழ ஆரம்பித்துவிட்டாள்.

இனிப் பொறுக்க முடியாது என்று வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டு, லீமா கட்டை அவிழ்த்தாள். காற்றாவது படட்டும் என்று சட்டைக் கையைக் கத்தரித்து விலக்கினாள். உள்ளே பார்த்ததும் அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது.

கை வீங்கியிருந்தது. முன்கையில் நீலம் பாய்ந்திருந்தது.

"யேசுவே! நான் இறுக்கிக் கட்டினதுல வந்தது. இழுத்தேனே, அதுல வந்தது. நல்லாயிருந்த கையைக் கெடுத்துப்போட்டேனே!"

"பதறாத லீமா. இப்பிடி ஒரு கை ஆஸ்பத்திரிக்கு வந்தா என்ன செய்வ?"

"உயரத்துல தூக்கி வைப்பேன். விரலை அசைக்கச் சொல்லுவேன். நகத்தை அமுக்கி ரத்தம் ஓடுதான்னு பாப்பேன். இன்னும் பஞ்சு வச்சு, அளவாட்டு..."

"அப்ப அதைச் செய்யி."

செய்தாள். தன் மேல் இருந்த கோபத்தில் கை நடுங்க மறந்துவிட்டது. அளவாகக் கட்டி, தலையணைமேல் தூக்கி வைத்து, விரல் விரலாக அசைக்கச் சொன்னாள். சார் அதற்கும் முனகினார்.

"கதவு சாத்தியாச்சு. நடிச்சது போதும்."

"பழகிப்போச்சு," என்றார் சார்.

திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்காரருக்குக் கை ஒடிந்துவிட்டது, பிறகு வருகிறேன் என்று மரியஜானிடம் சொல்லியனுப்பினாள். அவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொதி இருந்தது. டாக்டரம்மா நல்ல பஞ்சும் புதுக் கட்டுத் துணியும் கொடுத்துவிட்டிருந்தார். கூடவே ஒரு சொல்லும் வந்தது.

"அவசரம் இல்லைன்னு சொன்னாங்க அக்கா. வீட்டு ஆளை நல்லா பாத்துக்கிடட்டும், நமக்கு அப்படிப்பட்ட ஆளுதான் வேணும்னும் சொன்னாங்க."

லீமா அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சாருக்கு என்ன, அடிபட்டதாகச் சொன்னதற்கு முட்டை கிடைத்தது. அவளுக்குக் கிடைத்த இந்த அன்புக்கு அவள் எந்த விதத்திலும் தகுதியில்லாதவள் என்று பட்டது. கொடுக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்க, வாங்கிக்கொள்கிறவள் மட்டும் கள்ளியாக இருக்கிறாளே.

யூஜின் சார் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்ட கையோடு பள்ளிக்கூடம் போனார், வந்தார். தினமும் லீமா கட்டைச் சரிபார்த்தாள். வீக்கம் வடிந்தது. நீலம் மஞ்சளாகி மறைந்தது. சில நாளில் அவளுக்கே தெரியாமல் ஊரில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. சாரின் கட்டைப் பார்க்க வந்த பெண்கள், "இவ்வளவு பாங்காட்டு கட்டுதியளே" என்று தங்கள் வெட்டுக்காயத்தையும் கொப்பளத்தையும் நீட்டினார்கள். லீமா தன் கைகளைக் கட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

"என்னால முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. நல்ல கையைத் தொட்டாலே வீங்கவைக்கிறவள், ஒடிந்த கையைத் தொட்டால் என்ன ஆகும்? வேலைக்குப் போவதில்லை. முடிவு.

ஆனால் பொய் மட்டும் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. ஆசான் சொன்ன மண்டலம் முடிகிற சமயத்தில், கிளாரா வெள்ளிக் கைக்குத் தட்டானிடம் அளவு கொடுக்கப் போவதாகச் சொன்னாள். லீமா அன்றைக்கே கோயிலுக்கு ஓடிப்போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்த சாமியார் நிமிர்ந்தார்.

"ஒடியாத கைக்கா நான் பூசையில ஜெபிக்கச் சொன்னேன்?"

"ஆமா சாமி."

"அந்த ஜெபத்தை எல்லாம் ஆண்டவர் இனி எந்தக் கணக்குல வைப்பார்?"

"தெரியாது சாமி."

சாமியார் பெருமூச்சு விட்டார். "அபராதம் சொல்லுதேன். நீயும் உன் மாப்பிள்ளையும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, டாக்டரம்மாகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. பஞ்சு தந்தது அவங்கதானே. வெள்ளிக் கையை நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் யூஜின் சார் என்னவோ சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக வந்தார்.

"லீமா, உங்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். நீ கோவப்படப்பிடாது."

"நீங்க இனி ஒண்ணும் சொல்லண்டாம். பாலம், மணலுன்னு சொன்னது போதும். இண்ணைக்கு நான்தான் பேசுவேன்."

டாக்டரம்மா இளம் வயதுக்காரர். மேசைக்கு எதிரே நின்றுகொண்டே லீமா முழுக் கதையையும் சொன்னாள். தலையணையில் தொடங்கி வெள்ளிக் கை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. மரியஜான் தண்ணீர் கொடுத்ததைக்கூடச் சொன்னாள். கடைசியாக, "எனக்கு இந்த வேலைக்கு வரத் தகுதி இல்ல டாக்டரம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க குடுத்த பஞ்சுக்கு ரொம்ப நன்றி," என்று முடித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. லீமாவைக் கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, யூஜின் சாரின் கையைப் பிடித்து, மடக்கி, நீட்டி, முன்கையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அவர் சாரை நிமிர்ந்து பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்திருவோமா?"

"எதுக்கு டாக்டரம்மா?" என்று சார் அவசரமாகக் கேட்டார். "கை நல்லாத்தான் இருக்கு. வேணும்னா பக்கெட் தண்ணி தூக்கிக் காட்டுதேன்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் லீமா. "நான் என்ன கேடு செஞ்சு வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியண்டாமா? எடுங்க டாக்டரம்மா."

எக்ஸ்ரே அறையில் ஞானதாசன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. சாரின் கையைப் பலகைமேல் வைத்துப் படம் எடுத்துவிட்டு, கழுவ வேண்டும், வெளியே இருங்கள் என்று அனுப்பிவிட்டார். இருவரும் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே வார்டில் ஒரு நர்ஸ் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். லைசால் வாடை வந்தது. லீமா அதை ஆழமாக ஒரு தடவை மூச்சில் இழுத்துக்கொண்டாள். இனி வரப்போவதில்லை அல்லவா.

அவளுக்கு அழுகை வரவில்லை. நினைத்துப் பார்த்தால் மனது நிறைந்துதான் இருந்தது. ஊர் கொண்டுவந்து கொட்டிய அன்பு, ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே டாக்டரம்மா வைத்த நம்பிக்கை, கிளாராவின் நேர்ச்சை, சாமியார் திட்டாமல் விட்டது, எல்லாம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே இந்த மனுசன். அவள் அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நான் எப்பிடி நன்றி சொல்ல? ஒண்ணும் இல்லாத கையைத் தூக்கிக்கிட்டு ஊரு முழுக்க அலைஞ்சிய. நான் கெடுத்த பிறகும் ஒரு வார்த்தை என்னைச் சொல்லல. வேலை கெடைக்கலன்னா என்ன? எனக்கு இது போதும்."

யூஜின் சார் தலையைக் குனிந்துகொண்டார். "நெசமான கையின்னு சொன்னா உனக்குக் கை நடுங்கும்லா, லீமா," என்று மெல்லச் சொன்னார்.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அவள் கேட்பதற்குள், டாக்டரம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். போய் நின்றார்கள். ஞானதாசன் ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, நின்றுகொண்டிருந்த இருவரையும் கவனிக்காமல் டாக்டரம்மாவிடம் சொன்னார்:

"இன்னா பாருங்க டாக்டரம்மா, எலும்பு குறுக்க ஒடிஞ்ச இடம், இம்புட்டு நேரா சேந்து நான் கண்டதே இல்ல, இந்தக் கட்டைப் போட்டது யாருன்னு விசாரிச்சு அவங்கள நம்ம ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடப்பிடாதா?"